அம்புக்குறியை அவ்வளவு நம்பாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"ஜியோமெட்ரிக் அல்ஜீப்ரா என்று ஒன்று இருக்காமே மாமா. அதைப் படித்துவிட்டால் வெக்டர், மேட்ரிக்ஸ், காம்ப்ளெக்ஸ் நம்பர் எதுவும் வேண்டாமாமே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வியைப் பார்த்தால் பாடத்தின் மேல் ஆசை கால்வாசி, அரியர் மேல் பயம் முக்கால்வாசி என்று தெரிகிறது. போகட்டும். எந்த வழியாக வந்தாலும் வந்து சேர்ந்தாயே.

பாதி நிஜம், பாதி புரளி. நீ இதுவரை தனித்தனியாக மனப்பாடம் செய்த நாலைந்து கணக்கு முறைகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று அதைப் படித்தால் தெரியும். அது நிஜம். தெரிந்த கையோடு அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது புரளி. வெக்டரிலிருந்து தப்பித்து ஓட இந்தப் பக்கம் வருகிறவன் இங்கே வந்தும் அதே வெக்டரின் காலில்தான் விழவேண்டும். அதனால் தப்பிக்கும் எண்ணத்தைப் பிள்ளைச்சாவடிக் கடலில் கரைத்துவிட்டு மேலே படி.

முதலில் உனக்கு நன்றாகத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும் கிராஸ் புராடக்ட். இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது ஒன்று வரும், வலது கை விரல்களை மடக்கிக் கட்டைவிரல் காட்டும் பக்கம் அது போகும். பரீட்சை ஹாலில் பாதிப் பேர் கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். இயற்கைக்கு வலது கை, இடது கை என்று ஏதாவது உண்டா என்று ஒரு நாளாவது யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். விடை வந்தால் சரி என்று அடுத்த கணக்குக்குப் போயிருப்பாய்.

இன்றைக்கே ஒன்று செய். வீட்டு அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே டேபிள் ஃபேனை வை. ஃபேனின் முகம் கண்ணாடியைப் பார்க்கட்டும், நீ ஃபேனுக்குப் பின்னால் நில். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கூண்டையும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள். நடுக்குமிழில் ஒரு பென்சிலை, கூர் கண்ணாடியைப் பார்க்கும்படி ஒட்டு. இப்போது கையால் இறக்கையைச் சுற்று, மேலே இருக்கும் இறக்கை உன் வலப்பக்கம் போகிற மாதிரி. வலது கை விதிப்படி இந்தச் சுழற்சிக்கான அம்பு உன்னைவிட்டு விலகிக் கண்ணாடியை நோக்கிப் போகும். பென்சிலும் அப்படித்தான் நிற்கிறது. சரி, கண்ணாடிக்குள் பார். அங்கேயும் மேல் இறக்கை உன் வலப்பக்கமே போகிறது, சுழற்சி மாறவில்லை. பென்சிலோ திரும்பி உன்னைக் குறிபார்க்கிறது! கண்ணாடிக்குள் இருக்கும் ஃபேனுக்கு வலது கை விதி போட்டுப் பார்த்தால் அம்பு எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும்.

ஃபேனின் பிம்பத்தில் ஒரு குறையும் இல்லை. பென்சிலின் பிம்பத்திலும் இல்லை. இரண்டையும் 'ஒன்றுக்கு ஒன்று சமம்' என்று நாம் போட்ட முடிச்சில்தான் குறை. பாடப்புத்தகம் இந்த இடத்தில் ஆக்ஸியல் வெக்டர் என்று ஒரு பெயர் வைத்து, "இது கண்ணாடியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். திருப்புவிசை, கோண உந்தம், காந்தப்புலம் எல்லாமே இந்த ரகம். இவை அம்புகளே இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது வந்த தானே புயல், 2011 டிசம்பர் 30. பிறகு ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. இரண்டின் செயற்கைக்கோள் படத்தையும் பார்த்திருப்பாய், இடஞ்சுழியாகச் சுற்றுகிற வெள்ளை வட்டம். பாடப்படி அந்தச் சுழற்சிக்கான அம்பு நேராக வானத்தைக் காட்டும். அதே புயல் ஆஸ்திரேலியாப் பக்கம் வந்தால் வலஞ்சுழி, அம்பு பூமிக்குள் இறங்கும். நம் ஊர்க் கூரைகளைப் பிய்த்த காற்று கடலுக்கும் தரைக்கும் இணையாக, ஒரு தளத்தில் சுற்றிய காற்று. சுழற்சி குடியிருப்பது தளத்தில். அம்பு அந்தத் தளத்துக்கு நாம் எழுதிய முகவரி, அவ்வளவுதான்.

'மாமா, முகவரி இருந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாமே, பிறகென்ன?' என்பாய். மூன்று பரிமாணத்தில் கண்டுபிடித்துவிடலாம், ஒரு தளத்துக்கு ஒரே ஒரு செங்குத்துக் கோடுதான் இருக்கிறது. இரண்டு பரிமாணத்தில் அந்தக் கோடு போட இடமே கிடையாது. நான்கு பரிமாணத்தில் ஒரு தளத்துக்குச் செங்குத்தாக இன்னொரு முழுத் தளமே நிற்கும், எந்தக் கோட்டை எடுப்பாய்? சார்பியல் நடப்பது நான்கில். அங்கே கால் வைத்ததும் கிராஸ் புராடக்ட் கையை விரித்துவிடும்.

சரி, தளத்தைத் தளமாகவே எழுதுவது எப்படி? பேனாவை எடு. கிழக்கே ஒரு அலகு நீள வெக்டர், அதன் பெயர் க. வடக்கே ஒரு அலகு, அதன் பெயர் ச. ஒரே ஒரு சட்டம்: எந்த வெக்டரையும் தன்னோடு பெருக்கினால் அதன் நீளத்தின் வர்க்கம் வரவேண்டும். ஆக கக = 1, சச = 1. இப்போது சதுரத்தின் மூலைவிட்டம் க + ச. அதைத் தன்னோடு பெருக்கு: கக + கச + சக + சச. பித்தாகரஸ் கணக்கில் மூலைவிட்டத்தின் வர்க்கம் 2. அந்த 2ஐ ககவும் சசவும் சேர்ந்தே கொடுத்துவிட்டன. மிச்சம் இருக்கிற கச + சக பூஜ்ஜியமாக வேண்டும். அதாவது கச = −சக. வரிசையை மாற்றினால் குறி மாறும். இதை யாரும் வானத்திலிருந்து இறக்கவில்லை, பித்தாகரஸே நம்மைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய இடம் இது.

கச என்பது எண்ணும் இல்லை, அம்பும் இல்லை. கிழக்கிலிருந்து வடக்கே திரும்புகிற, ஒரு அலகு பரப்புள்ள தளத்துண்டு. அதைத் தன்னோடு பெருக்கிப் பார்: கசகச. நடுவில் இருக்கும் சகவை மாற்றினால் ஒரு கழித்தல் குறி வரும், மிச்சம் ககசச, அது 1. விடை −1.

என்ன, நிமிர்ந்து உட்கார்ந்தாயா? பிளஸ் டூவில் 'கற்பனை எண்' என்று சொல்லி உன் தலையில் கட்டினார்களே, வர்க்கம் −1 ஆகிற அந்த ஆசாமி, கிழக்கையும் வடக்கையும் பெருக்கியதில் தானாக வந்து நிற்கிறான். அவனிடம் கற்பனை ஒன்றும் இல்லை. கவை கசவால் பெருக்கினால் ச வரும், கிழக்கு வடக்காகத் திரும்பிவிட்டது. 90 டிகிரி திருப்புவதுதான் அவன் தொழில். மேலே பார்க்கும் ஒரு திசையைச் சேர்த்து ட என்று பெயர் வைத்தால் கச, சட, டக என்று மூன்று தளங்கள், மூன்றின் வர்க்கமும் −1. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ஒரு பாலத்தருகே ஹாமில்டனுக்குப் பளிச்சிட்ட குவாட்டர்னியன்கள் இவையே, ஒரு குறி மாற்றத்தைத் தவிர.

பொதுவாக இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் டாட் புராடக்ட் என்கிற எண்ணும் தளத்துண்டு ஒன்றும் சேர்ந்தே வரும். இங்கே நீ கையைத் தூக்குவாய் என்று தெரியும். "எண்ணையும் பரப்பையும் எப்படி மாமா கூட்டுவது?" அடேய், நீ தினமும் லேபில் செய்கிற காரியம்தானே. ஏசி சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் ஜே போட்டுக் கூட்டி இம்பிடன்ஸ் என்கிறாயே, அப்போது வராத சந்தேகம் இப்போது ஏன் வருகிறது? அங்கேயும் இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பெருக்கும்போதுதான் பேசிக்கொள்கின்றன.

நீ கேட்ட ஜியோமெட்ரிக் அல்ஜீப்ரா இதுதான். இதையெல்லாம் முதலில் ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்கிற ஆங்கிலேயர். 1878இல் கட்டுரை வெளியாயிற்று, மறுவருடமே 33 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர் ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மான். 1844இல் அவர் போட்ட புத்தகத்தை வாங்க ஆளில்லாமல் பெரும்பகுதி பழைய காகிதத்துக்குப் போயிற்று. மனிதர் வெறுத்துப்போய் சமஸ்கிருதத்தின் பக்கம் திரும்பினார். ரிக்வேதத்துக்கு அவர் செய்த அகராதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டவுனுக்குப் போகிற அன்று பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் பக்கம் ஒதுங்கி, சமஸ்கிருதம் தெரிந்த ஒருவரிடம் கிராஸ்மான் யார் என்று கேள். கணக்கு வாத்தியார் என்று சொன்னால் உனக்கு ஒரு புரோட்டா செட் வாங்கித் தருகிறேன்.

கிளிஃபர்ட் போனதும் களத்தில் இருந்தவர்கள் அமெரிக்காவில் கிப்ஸ், இங்கிலாந்தில் தந்தித் துறை ஆசாமி ஹெவிசைட். வேலைக்கு ஆகிறதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று டாட், கிராஸ் என இரண்டாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கு என்று நீ படிக்கிறாயே, அந்த வடிவம் ஹெவிசைட் கைங்கரியம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உலகம் முழுக்க மின்சாரம் ஓடியது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்போது நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாதது உன் குற்றம் மட்டும் இல்லை.

கதை தொடங்குவது டிராக் என்கிற இயற்பியலாளரிடம். 1928இல் அவர் எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு தேடினார். ஆற்றலின் வர்க்கம், உந்தத்தின் வர்க்கம், நிறையின் வர்க்கம் எல்லாம் கூட்டலில் நிற்கிற வாய்பாட்டுக்கு வர்க்கமூலம் எடுக்கவேண்டும். அதற்கு நான்கு பொருள்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றின் வர்க்கமும் 1, எந்த இரண்டை வரிசை மாற்றினாலும் கழித்தல் குறி. உன் க, சவின் அதே சட்டம்! டிராக் 4க்கு 4 மேட்ரிக்ஸ்களாக அவற்றைக் கண்டுபிடித்தார். ஐம்பது வருடத்துக்கு முன்பே கிளிஃபர்ட் எழுதிவைத்ததைப் புதிதாகப் பெற்றெடுத்தார் என்று சொல்லலாம்.

இந்த மேட்ரிக்ஸ்களைச் சென்னையில் ஒருவர் தோண்டித் துருவினார். அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்டம் எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன், 1923இல் பிறந்தவர். மயிலாப்பூர் லஸ்ஸில் தங்கள் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டிலேயே பையன்களைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போரே அங்கே வந்து பேசினார். வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு, கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் வழியாக நேரு காதுவரை போயிற்று. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம், அன்றைக்குப் பெயர் மேட்சயன்ஸ், பிரசிடென்சி கல்லூரியில் தொடங்கியது. திறந்து வைத்தவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். 1983வரை அல்லாடிதான் இயக்குநர்.

1967 வாக்கில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பவுலிக்கு 2க்கு 2 அளவில் இப்படிப்பட்ட மேட்ரிக்ஸ்கள் மூன்று கிடைக்கின்றன. டிராக் அளவான 4க்கு 4இல் ஐந்து. அடுத்தது எது, ஒன்றிலிருந்து அடுத்ததை வளர்க்க முறை என்ன? 8க்கு 8இல் ஏழு என்று ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகிற வழியைக் காட்டினார். எல்-மேட்ரிக்ஸ் என்று பெயர் வைத்து, 'டிராக் மேட்ரிக்ஸ்களின் இலக்கணம்' என்று துணைத்தலைப்புப் போட்டு 1972இல் ஆங்கிலத்தில் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. வர்க்கம் 1 ஆனால்தான் சரியா, கனம் 1 ஆனால் என்ன, நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என்றால் என்ன என்று அவரும் மாணவர்களும் போனார்கள். வரிசையை மாற்றினால் −1 வருவதற்குப் பதில் 1இன் கனமூலம், நான்காம் மூலம் என்று வரும். பொதுமைப்படுத்திய கிளிஃபர்ட் இயற்கணிதம் என்று அதற்குப் பெயர். வெளிநாட்டிலும் சிலர் அதைத் தொட்டிருந்தார்கள். ஆனால் அதை விடாமல் வளர்த்த கூடங்களில் ஒன்று சென்னை. குவாண்டம் கணினிக்காரர்கள் இரண்டுக்கு மேற்பட்ட நிலைகளைக் கையாளும்போது எடுத்துவைக்கிற மேட்ரிக்ஸ்களைப் பார், அந்த உறவுகள் அதில் அப்படியே இருக்கும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனிஸ் என்பவர் அதே டிராக் மேட்ரிக்ஸ்களை வேறு கண்ணால் பார்த்தார். 1966இல் போட்ட சிறு புத்தகத்திலிருந்து தொடங்கி அவர் சொல்லிவந்ததன் சாரம் இது: இவற்றை மேட்ரிக்ஸாக எழுதவே வேண்டாம். இவை காலமும் வெளியும் சேர்ந்த உலகத்தின் நான்கு திசை வெக்டர்கள், உன் கவும் சவும் போல, வர்க்கத்தின் குறியில் மட்டும் காலத்துக்கும் வெளிக்கும் வித்தியாசம். எலக்ட்ரான் சமன்பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கற்பனை எண்ணும் ஒரு தளம், எலக்ட்ரானின் தற்சுழற்சி நடக்கிற தளம். இந்த வாதத்துக்காக வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றார். 2002இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்கள் ஓர்ஸ்டெட் பதக்கம் கொடுத்தார்கள். அந்த மேடையிலும் இயற்பியலின் கணக்கு மொழியைச் சீர்திருத்துங்கள் என்றுதான் கேட்டார்.

யார் பக்கம் என்று கேட்பாய். அர்த்தம் புரிய ஹெஸ்டனிஸ், சந்தேகமே வேண்டாம். எல்-மேட்ரிக்ஸ் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பூஜ்ஜியமும் ஒன்றும் அடுக்கி நிற்கும், எது தளம் எது திசை என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கனம் 1 ஆகிற உலகத்துக்குள் போனால் படம் வரைய ஒன்றும் இல்லை, அங்கே ஹெஸ்டனிஸ் பாஷை ஊமை. மயிலாப்பூர்க்காரர் பாட்டுக்கு நடந்துகொண்டே போனார். இரண்டு ஆட்களும் ஒருவர் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மேக்ஸ்வெல்லுக்கு வா, உன் துறை. நான்கு பரிமாணத்தில் எத்தனை தளங்கள்? ஆறு. மூன்று தளங்கள் வெளிக்குள்ளேயே கிடக்கும், மூன்று தளங்கள் காலத்தையும் வெளியையும் தைக்கும். காந்தப்புலத்துக்கு மூன்று எண், மின்புலத்துக்கு மூன்று எண். காந்தப்புலம் முதல் மூன்றில் உட்கார்ந்துகொள்ளும், மின்புலம் அடுத்த மூன்றில். இரண்டும் சேர்ந்து ஒரே பொருள், அதை எஃப் என்போம். வேகமாக ஓடுகிற ஒருவனுக்கு மின்புலம் காந்தப்புலமாகத் தெரிகிற விந்தை, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறவனுக்கு வடிவம் மாறித் தெரிகிற சமாச்சாரம் ஆகிவிடும். நான்கு சமன்பாடும் மடங்கி ஒரே வரி: டெல் எஃப் சமம் ஜே. இந்த ஜே மின்னூட்டமும் மின்னோட்டமும் சேர்ந்தது, இம்பிடன்ஸில் போட்ட ஜே இல்லை.

உடனே ஹாஸ்டல் சுவரில் அதை எழுதிவைத்துவிட்டு ஜூனியர்களிடம் பீற்றிக்கொள்ளாதே. ஒரு வரியில் எழுதியதால் புது இயற்பியல் ஒன்றும் பிறக்கவில்லை. டென்சரில் எழுதினாலும் இரண்டு வரிதான் ஆகும். ஒரு ஆண்டெனாவுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் அந்த ஒரு வரியைத் திரும்பவும் பிரித்துப் போட்டு எக்ஸ், ஒய், இஸட் என்று வேர்வை சிந்தத்தான் வேண்டும். இந்தக் கணக்கின் ரசிகர்கள் சில பேர் புது மதம் பிடித்தவர்கள் மாதிரி பேசுவார்கள். காதில் வாங்கிக்கொள், கழுத்தில் கட்டிக்கொள்ளாதே. செமஸ்டரிலும் கேட் தேர்விலும் கிராஸ் புராடக்ட்டே எழுது, திருத்துகிறவர் உன் தளத்துண்டுக்கு மார்க் போடமாட்டார்.

ஒரு தவறு மட்டும் நீ கட்டாயம் செய்வாய், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டு பரிமாணத்தில் ஒரு பக்கம் பெருக்கினாலே வெக்டர் திரும்பிவிடுகிறது, பார்த்தோம். அந்தத் தைரியத்தில் மூன்று பரிமாணத்திலும் ஒரு பக்கம் மட்டும் பெருக்குவாய். தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பங்கு, வெக்டராகவே இல்லாத ஏதோ ஒன்றாகி உன்னைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டு பக்கமும் பெருக்கவேண்டும், ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வரிசையைத் திருப்பிப்போட்டு. இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி வேலை செய்வதால் கோணத்தில் பாதிதான் போடவேண்டும். பாதி எங்கிருந்து வந்தது என்று குழம்பாதே. ஒரு கண்ணாடியில் விழுந்த பிம்பத்தை இன்னொரு கண்ணாடியில் விழவைத்தால் மொத்தத்தில் அது ஒரு சுழற்சி. கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள கோணம்போல் இரண்டு மடங்கு திரும்பும். சலூனில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலையைப் பார்த்து வலது கையைத் தூக்கு. அங்கே இருப்பவன், எதிரே நிற்கும் இன்னொரு மனிதன் மாதிரி, அவனுடைய வலது கையையே தூக்குவான். 90 டிகிரி கண்ணாடிகள், 180 டிகிரி திருப்பம். சுழற்சியைப் பெற்றது இரண்டு பிரதிபலிப்புகள் என்பதால் அந்தப் பாதி கூடவே பிறந்தது.

படிக்க ஆரம்பிக்கும்போது ஹெஸ்டனிஸ் எழுதிய இயந்திரவியல் புத்தகத்தை எடு. டோரனும் லேசன்பியும் 2003இல் எழுதியது அப்புறம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு தருகிறேன். ஒரு தீப்பெட்டியை க-ச தளத்தில் 90 டிகிரி திருப்பு, பிறகு ச-ட தளத்தில் 90 டிகிரி திருப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே திருப்பமாகச் செய்யவேண்டுமானால் எந்தத் தளத்தில், எத்தனை டிகிரி? மேட்ரிக்ஸில் போட்டால் ஒரு பக்கம் ஆகும். நான் சொன்ன மாதிரி பெருக்கினால் மூன்று வரி. விடை 120 வரவேண்டும். 60 என்று எழுதி அனுப்பினால் பாதிக் கோணத்தை மறந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். 180 என்று வந்தால் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படி.

அன்புடன்,
உன் மாமா